அக்காகிட்ட கேளுங்க: பீரோ நிறைய துணி, உடுத்த ஒண்ணும் இல்ல

கேள்வி: அக்கா, நான் ஒரு தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். சம்பளம் வந்த வாரத்துலயே ஒரு சேலையோ குர்த்தியோ எப்படியாவது வீட்டுக்கு வந்திருது. கூட வேலை பாக்குத டீச்சர் ஒருத்தங்க "பிடிச்சத ஒடனே வாங்காத, விஷ்லிஸ்ட்ல போட்டு வை"ன்னாங்க. சரின்னு துணி வாங்குத ஆப்ல அந்த ஹார்ட்டை அமுக்கி அமுக்கி வச்சேன். இப்ப என்னடான்னா அந்த லிஸ்ட்ல உள்ளதையே ஒண்ணொண்ணா வாங்கிட்டு இருக்கேன். என்னதான் செய்ய?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, ஒங்க டீச்சர் சொன்னது நல்ல யோசனைதான், லிஸ்ட்டை எழுதுன இடம்தான் சரியில்ல. ஆப்ல இருக்க விஷ்லிஸ்ட் கடைக்காரங்களுக்கு உதவுத லிஸ்ட். எனக்கு இது மேல ஆசைன்னு நீங்களே போய் சொல்லிட்டு வந்தா அவங்க சும்மா இருப்பாங்களா, "நீங்க பாத்த குர்த்தி விலை குறைஞ்சிருக்கு", "இன்னும் 2 பீஸ்தான் இருக்கு", "ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது"ன்னு போன் டிங் டிங்னு அடிச்சிட்டேதான் இருக்கும், நாமளும் பேப்பர் திருத்தி அலுத்துப் போய் உக்காந்திருக்க நேரத்துல அதைத் தொறந்து பாப்போம். மொதல்ல அந்த நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க. ஆப்ல கார்டு நம்பர் சேவ் ஆகியிருந்தா அதையும் எடுத்திருங்க, ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய் கார்டைத் தேடி எடுத்து நம்பர் அடிக்கணும்னு வந்தாலே பாதி ஆசை அடங்கிரும்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பீரோவைத் தொறந்து எல்லாத்தையும் கட்டில்ல எடுத்துப் போடுங்க. நம்ம லிஸ்ட் அங்கருந்துதான் தொடங்கணும், கடைலருந்து இல்ல. அடுக்கி வச்சிருக்கும்போது தெரியாது, கொட்டிப் பாத்தாத்தான் மயில்பச்சைல மட்டும் நாலு சேலை கெடக்குதது தெரியும், பிளவுஸ் தைக்காமலே மடிப்பு கலையாம கெடக்குதது தெரியும். நெறைய பேருக்கு சேலை பஞ்சமே கிடையாது, தைச்ச பிளவுஸுக்குத்தான் பஞ்சம். அப்படின்னா ஒங்க லிஸ்ட்ல மொத வரி "புது சேலை"ன்னு வராது, "இந்த மூணுக்கும் பிளவுஸ் தைக்கணும்"னுதான் வரும். டெய்லர் கடைக்கு ஒரு நடை போனா மூணு புது சேலை கெடச்ச மாதிரி.

லிஸ்ட்டை ஒரு சின்ன நோட்டுல எழுதுங்க. போட்டோவைப் பாத்து "மஸ்டர்ட் கலர் சேலை"ன்னு எழுதாதீங்க, எதுக்குன்னு எழுதுங்க. "ஸ்கூலுக்குக் கட்ட, சித்திரை வெயில்ல ஒடம்புல ஒட்டாத காட்டன் சேலை, 2" இப்படி. நம்ம ஊர் வெயில்ல ஜார்ஜெட்டைக் கட்டிட்டு சாயங்காலம் வரைக்கும் நின்னு கிளாஸ் எடுக்கது எவ்வளவு கஷ்டம்னு ஒங்களுக்கே தெரியும், அதையும் ஆஃபர்ல பாத்தா கை போயிருது. பக்கத்துல எழுதுன தேதி, எவ்வளவு வரைக்கும் போகலாம்ங்கது, ரெண்டையும் போடுங்க. விலைன்னா முழு விலை. 900 ரூபா சேலைன்னு எடுக்கோம், அதுக்கு லைனிங் துணி, தையக்கூலி, ஃபால்ஸ் வச்சு ஓரம் அடிக்க, கலருக்கு ஏத்த உள்பாவாடைன்னு சேந்தா சில சமயம் சேலை விலைல பாதி தனியா போயிருது. நோட்டுல அதையும் சேத்து எழுதுனா அந்த 900 ரூபா சேலை 1,300 ரூபாயா கண்ணுக்குத் தெரியும்.

எழுதுனத அந்த மாசம் எடுக்கக் கூடாது, அடுத்த சம்பளம் வரட்டும். வந்த பொறவு நோட்டைத் தொறந்து வாசிங்க, "இது எதுக்கு எழுதுனோம்"னு தோணுததை ஒரு கோடு போட்டு அடிங்க. கிழிச்சு எறியாதீங்க, அடிச்சது தெரியுத மாதிரியே இருக்கட்டும். கொஞ்ச மாசம் போனா, எந்த வாரத்துல எழுதுனத எல்லாம் அடிச்சிருக்கோம்னு தேதியப் பாத்தாலே வெளங்கிரும். பரீட்சை பேப்பர் திருத்துத வாரமா இருக்கலாம், வீட்ல சண்டை வந்த வாரமா இருக்கலாம். அது தெரிஞ்சா அந்த வாரம் வரும்போது நீங்களே சுதாரிச்சுக்கிடுவீங்க.

ஊர்க் கோயில் கொடைக்கும் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கும் எடுக்கத வருத்தப்படாம எடுங்க. பொங்கல், கொடை, ஆவணில வருத கல்யாணம், தீபாவளி, கிறிஸ்துமஸ்னு எது எந்த மாசம்னு நமக்கு முன்னாடியே தெரியும்லா, வருசத் தொடக்கத்துலயே நோட்டுல ஒரு பக்கம் அதுக்குன்னு ஒதுக்கிருங்க.

கேள்வி: தனியா போனா நான் ஒண்ணும் எடுக்க மாட்டேன். மைனியும் அவங்க தங்கச்சியும் கூட வந்தா "இது ஒனக்கு நல்லாருக்கும் எடு எடு"ங்காங்க, எடுக்காம வந்தா கஞ்சப்பிசுநாரின்னு நெனப்பாங்களோன்னு எடுத்திருதேன்.
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மைனி பாசத்துலதான் சொல்லுதாங்க, அவங்க மேல கோவப்பட வேண்டாம். கடைக்குள்ள போகுததுக்கு முன்னாடியே "மைனி, நான் இன்னிக்கு பாப்பாவுக்கு ரெண்டு கவுன் மட்டும்தான் எடுக்கப் போறேன், நான் வேற எதையாவது எடுத்தா நீங்கதான் தடுக்கணும்"னு அவங்க கைலயே பொறுப்பைக் குடுத்திருங்க. அப்பவும் ஒரு சேலை மனசுல நின்னா நோட்டுல எழுதிட்டு வாங்க. திருநெல்வேலி வண்ணார்பேட்டைலயும் டவுன்லயும் ஜவுளிக்கடை எங்கயும் ஓடிப் போயிராது.

கேள்வி: ஆடித் தள்ளுபடில தீபாவளிக்கும் சேத்து எடுத்திரலாமா? லாபம்தானே?
— வாசகர், வள்ளியூர்

பதில்: அண்ணாச்சி, ஆடில கல்யாணம் கிடையாது, கடைல யாவாரம் படுத்திரும், அதனாலதான் தள்ளுபடி போட்டு சரக்கைத் தள்ளுதாங்க. லிஸ்ட்ல ஏற்கெனவே உள்ள பொருளா இருந்து, ஆனிலயே அதோட விலையைப் பாத்து எழுதி வச்சிருந்தீங்கன்னா தாராளமா எடுங்க, நெசமாவே குறைஞ்சிருக்கான்னு கடைல நின்னே தெரிஞ்சிரும். லிஸ்ட்ல இல்லாதத பாதி விலைக்கு எடுத்தாலும் அந்தப் பாதி ரூபா செலவுதான். கைத்தறிச் சேலை, வேட்டி, போர்வைன்னா கொஞ்சம் பொறுங்க, கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி குடுப்பாங்க. 1935ல ஆரம்பிச்ச நெசவாளர் கூட்டுறவு அது, நீங்க குடுக்கத காசு தறில உக்காந்திருக்கவங்களுக்குப் போகும்.

புள்ளைகளுக்கு மட்டும் ஆடில எடுக்காதீங்க, ஐப்பசி வரதுக்குள்ள வளந்திருவாங்க. அவங்களுக்கு எடுக்கத தீபாவளிக்கு முந்தின சம்பளத்துல வச்சிக்கிடுங்க, தைக்கக் குடுக்கதா இருந்தா புரட்டாசி பாதிக்குள்ள குடுத்திருங்க, அதுக்கு மேல போனா எந்த டெய்லரும் துணியைக் கைல வாங்க மாட்டார்.