‘அண்ணன் ஊரில் இல்லை’

கேள்வி: எனக்கு வயது 32. சென்னை பெரம்பூரில் பெற்றோருடன் வசிக்கிறேன். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஆறு ஆண்டுகளாக ஜாஸ் கிட்டார் வாசிக்கிறேன். நட்சத்திர ஹோட்டல்களில் நிகழ்ச்சிகள் வருகின்றன. நானே இசையமைத்த எட்டு உருப்படிகளை ஆல்பமாகக் கொண்டுவர முயல்கிறேன். வீட்டு மாடியில் பதினொரு பிள்ளைகளுக்கு இம்ப்ரவைசேஷன் (அந்தந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிப்பது) கற்றுக்கொடுக்கிறேன். மாதக் கட்டணம் ஒன்றாம் தேதியே வந்துவிடும். ஆனால் வகுப்பு முடிந்தபின் நான் வாசிப்பதற்கென்று நேரமோ தெம்போ மிஞ்சுவதில்லை. இசையமைக்கும் மனநிலை வாய்த்த நாட்களில், வரும் பிள்ளைகளிடம் ‘அண்ணன் ஊரில் இல்லை’ என்று அம்மா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார். நான் ஹெட்போனில் வாசிப்பதால் வெளியே கேட்காது. அப்பா பழைய வேலைக்கே போகச் சொல்கிறார். பெண் பார்க்கப் போகும் இடங்களில் வருமானத்தைக் கேட்கிறார்கள். கற்பிப்பதை நிறுத்திவிட்டு, நியூயார்க் சென்று முழுநேரக் கலைஞனாக முயலலாமா?

பதில்: அன்புள்ள தம்பி,

கலையா, சோறா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களில் கிட்டாருக்குப் பதிலாக வயலினோ கேமராவோ கவிதை நோட்டோ இருக்கும். மற்றபடி வரிகள்கூட மாறுவதில்லை. ஆகவே, மனம் தளராதீர்கள், காலம் கனியும் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. நீங்கள் கேட்டிருப்பது நியூயார்க்கைப் பற்றி. என் கண்ணில் பட்டதோ, வாசலில் நின்று உங்கள் அம்மா சொல்லும் பொய்.

மின்தடையைப் பற்றிச் சொல்வதுபோல் அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். பணம் கட்டிவிட்டு, தன் முதுகைவிட உயரமான கிட்டார் பையைச் சுமந்துகொண்டு பேருந்தில் வந்து இறங்கும் பிள்ளை, உங்கள் செருப்பும் பைக்கும் வாசலில் இருப்பதைப் பார்க்காமலா திரும்பிப் போகிறது? அந்தப் பிள்ளைக்கு நீங்கள் மாடியில் இருப்பது தெரியும். தெரியாதது, அண்ணனுக்குத் தன்னை ஏன் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான். சிறுவயதில் பொய் சொன்னதற்காக உங்களைக் கண்டித்து வளர்த்த அம்மாவை, இந்த வயதில் பிறர் வீட்டுப் பிள்ளைகளிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறீர்கள். அவர் மறுக்காமல் செய்கிறார் என்பதாலேயே அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. ஒலிபெருக்கும் ஆம்ப்பிலிருந்து கேபிளைப் பிடுங்கி ஹெட்போனுக்கு மாற்றும் அந்த நேரத்தில் உங்களுக்கே கை கூசவில்லையா?

ஜாஸ் கிட்டாரில் வெஸ் மான்ட்கோமரியை அறியாதவராக நீங்கள் இருக்க முடியாது. 1923-இல் இண்டியானாபொலிஸில் பிறந்த அவருக்கு ஏழு பிள்ளைகள். காலை 7 மணிக்கு வானொலி உதிரிபாகத் தொழிற்சாலை, இரவில் ஒரு மதுவிடுதியில் வாசிப்பு, அது மூடியபின் இன்னொரு விடுதியில் விடியும்வரை வாசிப்பு என்று ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைக் காப்பாற்றினார். வீட்டில் பயிற்சி செய்யும்போது அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று சொன்னதால், பிக் என்ற சிறு மீட்டுத் தகட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலின் சதைப் பகுதியால் தந்தியை மீட்டத் தொடங்கினார் என்பார்கள். இன்று உலகமே அவருடையது என்று அடையாளம் காணும் அந்த மெத்தென்ற நாதம் அப்படித்தான் பிறந்தது. 1959-இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அவர் வாசிப்பைக் கேட்டு ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்திடம் சொன்னபோது, மான்ட்கோமரிக்கு வயது 36. அவரும் ஒலியைக் குறைத்தார், நீங்களும் குறைக்கிறீர்கள். அவர் குறைத்தது பிறருடைய தூக்கத்துக்காக. நீங்கள் குறைப்பது, வாங்கிய காசுக்கு ஆள் வந்து நிற்கும்போது ஒளிந்துகொள்வதற்காக. (1968-இல், 45 வயதிலேயே மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அவரைப்போல் உடம்பை வருத்திக்கொள்ளச் சொல்கிறேன் என்று உங்கள் அம்மா நினைத்துவிட வேண்டாம்.)

கற்பிப்பது வாசிப்பைத் தின்றுவிடுகிறது என்ற உங்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. கிட்டார் கலைஞர் ஜிம் ஹால் 1962-இல் பியானோ கலைஞர் பில் எவன்ஸுடன் இருவர் மட்டுமே வாசித்த பதிவைக் கேட்டிருப்பீர்கள். கார்டு (பல சுரங்களின் சேர்க்கை) வாசிக்கும் இரண்டு வாத்தியங்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் எப்படி நடக்கின்றன என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை. அப்பேர்ப்பட்டவர், 1960-களின் நடுவில் குடும்பஸ்தரானபோது, மெர்வ் கிரிஃபின் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவில் அமர்ந்து சம்பளத்துக்கு வாசித்தார், பிற்காலத்தில் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் பாடமும் நடத்தினார், இசையமைப்பதையும் நிறுத்தவில்லை. பில் ஃப்ரிசெல், ஜான் ஸ்கோஃபீல்ட் போன்ற கிட்டார் கலைஞர்களை பாஸ்டனில் உருவாக்கிய ஆசிரியர் மிக் குட்ரிக், மாணவர்களைப் பழகிய விரல் நிலைகளிலிருந்து வெளியே இழுத்து, ஒரே தந்தியில் மேலும் கீழும் போகச் செய்தார். நாளை உங்களிடம் வரும் பத்து வயதுப் பிள்ளையை ஒற்றைத் தந்தியில் டூ-ஃபைவ்-ஒன் என்ற கார்டு வரிசையின் மேல் எட்டு பார் (தாள அளவு) வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் அடக்கமாகக் கம்பிங் செய்து, அதாவது துணைக்குக் கார்டு வாசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை தடுமாறி எங்கே போய் நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது, ஹோட்டலில் யாரும் கவனிக்காத மூன்று மணி நேர வாசிப்பைவிட உங்களுக்கு நல்ல பயிற்சி. ஆறு ஆண்டுகளில் எட்டு உருப்படிகள் என்கிறீர்கள். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய நாட்களால் அந்த எட்டு ஒன்பதாகிவிடவில்லை.

நியூயார்க் எங்கும் ஓடிப்போகாது. ராணிப்பேட்டையில் வளர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு, பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குச் சென்ற கிட்டார் பிரசன்னா, பின்னர் சென்னைக்கு வெளியே ஸ்வர்ணபூமி இசை அகாடமியைத் தலைமையேற்று நடத்தினார். நியூயார்க் போனால் கற்பிக்கத் தேவையிருக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது?

அப்பா சொல்லும் வேலையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால், பெற்றோர் வீட்டில் உண்டு உறங்கும் மகன், சிறு தொகையாயினும் ஒன்றாம் தேதி அம்மா கையில் கொடுத்தாக வேண்டும் என்பது என் கொள்கை. பழங்காலத்து மனுஷி என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளைக்கு எத்தனை வகுப்பு பாக்கி என்று எழுதுங்கள். பதினொரு வீட்டுக்கும் நீங்களே தொலைபேசியில் பேசி, அம்மா சொன்னது பொய், சொல்ல வைத்தது நான் என்று ஒப்புக்கொண்டு, வகுப்பு வேண்டுமா, பணம் வேண்டுமா என்று கேட்டு, அவர்கள் கேட்டதைக் கொடுங்கள். பதினொன்று அதிகம் என்றால், மாத முடிவில் முறைப்படி சொல்லிவிட்டு ஆறாகக் குறையுங்கள். வகுப்பு இரண்டு நாட்களில் அடங்கட்டும். இசையமைப்புக்கு விடிகாலையை ஒதுக்குங்கள். பெண் வீட்டார் கேட்டால் வருமானத்தை உள்ளபடி சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். பாக்கி வகுப்புகள் எல்லாம் தீர்ந்தபின் நியூயார்க்கைப் பற்றி மறுபடியும் எழுதுங்கள், அப்போது பதில் சொல்கிறேன்.