லண்டன் வளையமும் கொழிஞ்சாம்பாறை வீடும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்டி வருகிறோம், ஒயரிங் வேலை நடக்கிறது. லண்டனில் இருந்து வந்திருக்கும் மச்சான், "சமையலறை பிளக் எல்லாத்தையும் 2.5 சதுர மி.மீ. ஒயரில் வளையமாக இழுத்து ஒரே 32 ஆம்பியர் எம்.சி.பி. போடு, அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்கிறார். வயர்மேன் 4 சதுர மி.மீ. ஒயர்தான் வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வயர்மேன் பேச்சைக் கேளுங்கள். மச்சான் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்தில் அந்த முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிச் செம்புக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் பிறந்தது அது. எம்.சி.பி.யில், அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்சில், கிளம்பும் ஒயர் எல்லா பிளக்குக்கும் போய்விட்டு அதே எம்.சி.பி.க்குத் திரும்பி வரும். கரண்ட் இரண்டு பக்கமாகவும் பிரிந்து வருவதால் 2.5 ஒயர் தாங்குகிறது. அதோடு, அங்கே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் அதிகபட்சம் 13 ஆம்பியர் ஃபியூஸ் உண்டு. நம் 6, 16 ஆம்பியர் பிளக்குகளில் அது கிடையாது. அந்தக் காவல் இல்லாமல் வளையத்தை மட்டும் இங்கே கொண்டு வருவதுதான் என் பயம்.

வளையத்தில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து ஒயர் கழன்றுவிட்டது என்று வையுங்கள். எல்லா பிளக்கும் வேலை செய்யும்; யாருக்கும் தெரியாது. சுமை முழுக்க ஒரே பக்கம் போகும். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1200, மிக்ஸி 750. மொத்தம் 5450 வாட், 230 வோல்ட்டில் சுமார் 24 ஆம்பியர். 32 எம்.சி.பி. விழவே விழாது, ஒயர்தான் சுடும். பாலக்காட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். சுவருக்குள் ஒரே பைப்பில் நாலைந்து ஒயர் நெருங்கிக் கிடந்தால் அதன் தாங்குதிறன் இன்னும் குறையும். வேலந்தாவளத்தில் உறவினர் வீட்டில் ஒரு பவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பு ஒயர் பழுப்பாகி, விரல் பட்டதும் உறை முறுக்கு மாதிரி நொறுங்கி விழுந்தது. அந்த வீட்டிலும் எம்.சி.பி. ஒருநாளும் விழுந்ததில்லை.

ஆகவே சமையலறைக்கு இரண்டு தனி லைன், 4 சதுர மி.மீ. ஒயர், ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி. கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனி லைன், அதே 4 சதுர மி.மீ. ஒயர். மற்ற அறைகளில் தனியாக வரும் பவர் பிளக்குக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி.யோடு 2.5 போதும், செலவை அங்கே குறைக்கலாம். லைட், ஃபேனுக்கு 1.5. எர்த் ஒயரையும், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடையில் கவனம் வேண்டும். ஐ.எஸ். 694 என்ற ஒயர் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். 90 மீட்டர் 2.5 காயிலில் செம்பு மட்டுமே 2 கிலோவை ஒட்டி இருக்கும், உறை அதற்கு மேல். காயில் மொத்தமாகவே 2 கிலோ வரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நுனியைச் சீவி ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கடைக்காரர் விலையைப் பாதியாக்கினாலும் வாங்காதீர்கள். பில்லில் பிராண்டு, அளவு, நீளம் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.