அரசு மருத்துவர்கள் போராடுவது நோயாளிகளுக்காகவா, தங்களுக்காகவா?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் மருத்துவ அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். கறுப்புப் பட்டை அணிந்து நிற்கும் மருத்துவர்களைப் பார்த்தால் சம்பளத்துக்காக நிற்பதாகவே தோன்றுகிறது என்று கேள்வியின் கீழ் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். சம்பளமும் அதில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என் நோயாளிகளுக்கு நான் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், முதல் சில ஆண்டுகள் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருந்ததைத்தான் சொல்வேன்.

சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் விதி. உள்நாட்டில் இருக்கும் நிலையத்துக்கு நான்கு பக்கமும் ஊர்கள் இருக்கும். எங்கள் நிலையத்துக்கு ஒரு பக்கம் முழுவதும் கடல். அதனால் அதே முப்பதாயிரம் பேர் கரையை ஒட்டி நீளமாகச் சிதறிக் கிடப்பார்கள். கடைசிக் குப்பத்திலிருந்து வருகிறவர் மணல் பாதை, மினி பஸ், பிறகு நடை என்று வந்து சேர வேண்டும். மாநிலத்தின் கடற்கரை நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது சுமார் 237 கிலோமீட்டர், இந்த ஒரு மாவட்டத்தில்தான் இருக்கிறது. மக்கள்தொகையை எண்ணும் விதி இந்தத் தூரத்தை எண்ணுவதில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேஸ்வரத்திலும் சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் வந்து குவிகிறவர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் மயங்கி விழுந்தால் எங்களிடம்தான் வருவார்கள்.

என்னை மாற்றிய இரவைச் சொல்கிறேன். எங்களுக்கு மூன்று செவிலியர் பணியிடங்கள் உண்டு. அவர்களில் ஒருவர் மாற்றுப்பணியில் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. மாற்றுப்பணியின் கொடுமை என்னவென்றால், ஆள் இங்கே இருக்க மாட்டார், ஆனால் பதிவேட்டில் பணியிடம் நிரம்பியிருக்கும். காலியிடம் என்று காட்ட முடியாததால் அங்கே வேறொருவரைக் கேட்கவும் வழியில்லை. கடல் காற்றில் உப்பு ஏறி மருந்துக் குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர் அதற்கு முந்தைய வாரம் நின்றுபோயிருந்தது. ஜெனரேட்டர் அதற்கும் முன்பே துருப்பிடித்துக் கிடந்தது. பிரசவ அறைக்கு வேண்டிய தண்ணீர், போர் தண்ணீர் உப்பு என்பதால், தள்ளுவண்டியில் குடம் குடமாக விலைக்கு வந்துகொண்டிருந்தது. இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எதையும் எழுத்தில் கொடுத்திருக்கவில்லை.

அன்று ஒரு மீனவப் பெண்ணுக்கு மூன்றாவது பிரசவம். குழந்தை நலமாகப் பிறந்தது, நச்சுக்கொடியும் வந்தது, பிறகு இரத்தம் நிற்கவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் தாய் இறந்துபோகலாம் என்பதை மருத்துவ மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு வாரமாக வெக்கையில் கிடந்த மருந்து. அதைப் போட்டோம், மாத்திரையும் வைத்தோம், போதவில்லை. 108 வண்டி வந்ததும், பிரசவ அறையில் மற்றொரு கர்ப்பிணி வலியோடு இருந்ததால் இருந்த ஒரே செவிலியரை அங்கே விட்டுவிட்டு நானே ஏறினேன். மாவட்டத் தலைமை மருத்துவமனை போய்ச் சேரும் வரை, ஐம்பது நிமிடங்கள், ஒரு கையை உள்ளேயும் மற்றொரு கையை வயிற்றின் மேலும் வைத்துக் கருப்பையை அழுத்திப் பிடித்திருந்தேன். அங்கே நான்கு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். அவர் பிழைத்தார்.

அடுத்த மாத ஆய்வுக் கூட்டத்தில் அந்த நிகழ்வு ஒரே வரியாக இருந்தது: தாயும் சேயும் நலம். நன்றாகச் சமாளித்தீர்கள் டாக்டர் என்று ஓர் அதிகாரி மனதாரப் பாராட்டினார். அவர் கெட்டவர் அல்லர். அவர் கையில் இருந்த தாளில் குளிர்பதனப் பெட்டியும் இல்லை, மாற்றுப்பணியும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. அவற்றை அந்தத் தாளில் ஏறவிடாமல் வைத்திருந்தது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நான் சமாளித்த ஒவ்வொரு முறையும் ஒரு பற்றாக்குறை அரசின் கண்ணிலிருந்து மறைந்திருக்கிறது.

அதன் பிறகு ஒரு நீளமான நோட்டு போட்டேன். வெளியே அனுப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதாமல் தேதி, நோய், அனுப்பிய நேரம், கடைசிப் பத்தியில் "என்ன இருந்திருந்தால் இங்கேயே பார்த்திருக்கலாம்" என்று குறித்தேன். கடல்பாம்பு கடித்து வந்த ஒருவருக்கு நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து பயன்படாது, அது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரிக்கப்படுவது. அவருக்குத் தேவைப்பட்டது செயற்கைச் சுவாசம். பாசி எடுக்கப் போய்ப் பாறையில் கால் கிழிந்த சர்க்கரை நோயாளிப் பெண்களுக்குத் தேவைப்பட்டது வாரம் இருமுறை கட்டு மாற்றும் ஒரு கை. ஓராண்டு எழுதிய பிறகு இன்னொன்றும் தெரிந்தது: குடலிறக்கம் போன்ற அறுவை சிகிச்சைகளை ஆண்கள் தள்ளிப்போட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் மொத்தமாக வருகிறார்கள். கடலுக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லாதவர் வேறு எப்போது வருவார்? அந்த இரண்டு மாதங்களுக்கு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரைக் கூடுதலாகக் கேட்டு எழுதினேன்.

அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 எங்களைக் கட்டுப்படுத்துகின்றன. அனுமதி இல்லாமல் பத்திரிகையிடம் பேச முடியாது. ஆனால் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் எழுதலாம், ஆய்வுக் கூட்டத்தில் எழுத்தில் கொடுக்கலாம். இரத்தப்போக்கில் பிழைத்த அந்த மீனவப் பெண்ணின் மாமியார் மே 1 கிராம சபையில் எழுந்து, "அன்னைக்கு எங்க பிள்ளைக்கு டாக்டரம்மா கை இருந்துச்சு, அடுத்தவளுக்கு யாரு கை இருக்கும்?" என்று கேட்டதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அது செய்தியாக வந்தபோது, விவரம் எப்படி வெளியே போனது என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணையும் வந்தது. பதில் எழுதினேன், நோட்டின் நகலையும் இணைத்தேன்.

இனி உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதிக்கு வருகிறேன். 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வுக் கோரிக்கை மட்டுமே பெரிதாகப் பேசப்பட்டது. அதே கோரிக்கைப் பட்டியலில், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்கள் வேண்டும், பணியிடங்களைக் குறைக்கக் கூடாது, அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் 50 விழுக்காடு இடம் வேண்டும் என்பனவும் இருந்தன. பணி முறிவு, அதாவது அதுவரையிலான பணித்தொடர்ச்சி அறுந்துபோகும், என்ற எச்சரிக்கை வந்தது, பலர் தொலைவான இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த இடமாற்றங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது.

மேற்படிப்பு இட ஒதுக்கீடு மருத்துவரின் சொந்த முன்னேற்றம் போலத் தோன்றும். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் அது வேறாகத் தெரியும். மயக்க மருந்து நிபுணர், குழந்தை மருத்துவர், மகப்பேறு மருத்துவர் ஆகிய மூவரும் இரவில் இருந்தால்தான் சீமாங் மையம் (தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் மையம்) சீமாங் மையமாக இயங்கும். தனியாரில் படித்துப் பெரும் பணம் செலவழித்தவர் இந்தப் பக்கம் வருவது அரிது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து, அந்த ஒதுக்கீட்டில் படித்து, ஒப்பந்தப்படி அரசுப் பணிக்கே திரும்புகிறவர்தான் வருவார். அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போயிருந்த நிலையில், தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு அந்த 108 வண்டிதான் நினைவுக்கு வந்தது.

செவிலியர்களையும் இதில் சேர்த்தே பேச வேண்டும். 2015-இல் தேர்வு எழுதி வந்தவர்கள் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராடியபோது, சம்பளத்துக்காக என்றுதான் அதையும் சொன்னார்கள். அந்த ஊதியத்தில் கரையோரத்தில் வாடகைக்கு வீடெடுத்து இரவுப் பணி பார்க்கும் பெண் எத்தனை நாள் அங்கே தங்குவார் என்பதில்தான் பிரசவ அறையின் பாதுகாப்பு இருக்கிறது. ஊழியரின் நலனையும் நோயாளியின் நலனையும் இந்த இடத்தில் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் போராட்டத்தையும் நான் ஆதரிக்கவில்லை. தீவிர சிகிச்சையையும் பிரசவத்தையும் கைவிட்டுவிட்டு வெளியே நிற்பதை என்னால் ஏற்க முடியாது. தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்க முடியாத நோயாளிக்காக யாரும் நிற்காததையும் ஏற்க முடியாது. ஏர்வாடி தர்கா அருகே இருந்த மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, வாக்கு கேட்டு வருகிறவரும் இல்லை. இன்று அந்தத் தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவம் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, சேர்ந்து நடக்கிறது. சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது எங்களுக்குப் பெரிய பலம். ஆயினும் இராமேஸ்வரத்திலிருந்து அது சுமார் 55 கிலோமீட்டர், அங்கும் முடியாவிட்டால் மதுரை இன்னும் 115 கிலோமீட்டர்.

எங்கள் நிலையத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்றால், மாற்றுப்பணியில் போன செவிலியர் நான்கு மாதத்தில் திரும்பி வந்தார். குளிர்பதனப் பெட்டி பதினோரு வாரத்தில் வந்தது. தடைக்காலத்துக்கு ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர் இரண்டு ஆண்டுகள் வந்தார், மூன்றாம் ஆண்டு வரவில்லை, மறுபடியும் எழுதினோம். ஜெனரேட்டர் நான் ஓய்வு பெறும் நாள் வரை வரவில்லை. எனக்கு அடுத்து வந்த இளம் மருத்துவரிடம் சாவிக் கொத்தோடு அந்த நோட்டையும் கொடுத்து, ஜெனரேட்டர் பற்றி எழுதிய பக்கத்தைத்தான் முதலில் பிரித்துக் காட்டினேன்.