வெளிநாடு போகிறீர்களா? லேப்டாப்பை எங்கே வாங்குவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஜூன், ஜூலை வந்துவிட்டால் வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான். செப்டம்பர் சேர்க்கைக்குக் கிளம்பும் மாணவர்கள், வேலை உறுதியான செவிலியர்கள், கப்பலுக்குப் போகும் தம்பிமார் எல்லோரும் கேட்பது, லேப்டாப்பை இங்கேயே வாங்கிக்கொண்டு போவதா, போய் வாங்குவதா என்று. இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எல்லோரும் விலையில் ஆரம்பிக்கிறீர்கள். வாங்கிய முதல் ஒரு வருடம் எந்த ஊரில் இருப்பீர்கள், கெட்டுப்போனால் யார் கையில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள். விலையை அப்புறம் பார்க்கலாம்.

தக்கலை வாசகர்: சார், அடுத்த மாதம் வெளிநாடு போகிறேன். நல்ல லேப்டாப் ஒன்று சொல்லவும்.

எந்த நாடு? படிக்கவா, வேலைக்கா? படிப்பு என்றால் என்ன படிப்பு? கையில் எவ்வளவு இருக்கிறது? நான்கில் ஒன்றைக்கூட எழுதவில்லை. வேலைக்கு என்றால், பல கம்பெனிகள் லேப்டாப்பைத் தாங்களே கொடுத்துவிடும், சொந்த மெஷினில் ஆபீஸ் வேலை பார்க்க விடவும் மாட்டார்கள். அப்படியிருந்தால் நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. விவரம் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கருங்கல் வாசகி: செவிலியர் வேலைக்கு ஜெர்மனி போகிறேன். பி2 மொழி வகுப்பு இப்போது ஆன்லைனில் நடக்கிறது. கிளம்ப இன்னும் ஏழெட்டு மாதம் ஆகும். அங்கே போய் வாங்கினால் தரமாக இருக்கும் என்று கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்கள்.

தங்கச்சி, உங்களுக்கு வகுப்பு இப்போது நடக்கிறது. செல்போன் திரையில் ஜெர்மன் இலக்கணம் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் இங்கேயே வாங்குங்கள். ஐம்பதாயிரத்தை ஒட்டிய சாதாரண லேப்டாப், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் போதும். வாரண்டியில் பெரும்பகுதி நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஓடிவிடும். கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தெரிந்துவிடும், அப்போது நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ கொடுத்துச் சரிசெய்யலாம்.

தரம் பற்றிச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. இரண்டு நாட்டுக் கடைகளிலும் விற்பது அதே கம்பெனிகளின் மாடல்கள்தான். ஜெர்மனியில் நிஜமான லாபம் சட்டத்தில் இருக்கிறது. வாங்கிய நாளில் இருந்த குறைக்கு விற்ற கடைக்காரரே இரண்டு வருடம் பொறுப்பு. ஆனால் அங்கே கடையில் கிடைப்பதெல்லாம் ஜெர்மன் கீபோர்டு, ஒய்யும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். பழகினால் வந்துவிடும், அவ்வளவுதான். இங்கே வாங்கும் லேப்டாப்பில் புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துகள் அடிக்க விண்டோஸ் செட்டிங்கில் ஜெர்மன் கீபோர்டைச் சேர்த்துக்கொண்டால் போதும், காசு செலவில்லை. பில்லை ஸ்கேன் செய்து மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்.எஸ். மெக்கானிக்கல் சேருகிறேன். பட்ஜெட் ஒரு லட்சம். மேக்புக் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் டிபார்ட்மென்ட்டின் இணையப் பக்கத்தில் என்ன கம்ப்யூட்டர் வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்தீர்களா? கடிதத்தைப் பார்த்தால் படித்ததாகத் தெரியவில்லை. சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மெக்கானிக்கல் மாணவர் மேக்புக் வாங்கிவிட்டு ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் லேப் மெஷினைத் தேடி ஓடும் நிலை வேண்டாம். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் லேப்டாப் பாருங்கள்.

நீங்கள் அங்கே போய் வாங்குங்கள். இரண்டு வருடமாவது அங்கேதான் இருக்கப் போகிறீர்கள், பழுதானால் அங்கேதான் கொடுக்கப் போகிறீர்கள். கல்லூரி மெயில் ஐடி வந்ததும் மாணவர் தள்ளுபடி கிடைக்கும், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் போன்ற மென்பொருள்களைப் பல பல்கலைக்கழகங்கள் இலவசமாகவே தந்துவிடும். அதற்கு முன்னால் இங்கே பணம் கொடுத்து எதையும் வாங்காதீர்கள். கடையில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. ஓரிகன், டெலவேர் போன்ற மாநிலங்களில் அந்த வரியே கிடையாது, வேறு பல இடங்களில் ஆறிலிருந்து பத்து சதவீதம் வரை வரும். பெரிய கடைகள் பெரும்பாலானவற்றில் இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ஆகவே வாங்கிய அன்றே எல்லா போர்ட்டையும், ஸ்கிரீனையும், பேட்டரியையும் சோதித்துவிடுங்கள். இந்திய கிரெடிட் கார்டில் வாங்கினால் வங்கி மூன்று சதவீதம்போல மாற்றுக் கட்டணம் போடும், அங்கே அக்கவுண்ட் திறந்த பிறகு வாங்குவது நல்லது. நவம்பர் தள்ளுபடிக்காகக் காத்திருந்து முதல் செமஸ்டரைக் கோட்டைவிட வேண்டாம்.

நாகர்கோவில் வாசகர்: அமெரிக்காவில் 110 வோல்ட் என்கிறார்கள். இங்கே வாங்கிய லேப்டாப் அங்கே எரிந்துவிடாதா?

எரியாது. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், இன்புட் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பிளக் வடிவம்தான் மாறும். அதற்குக் கன்வெர்ட்டர் தொங்கவிடுவதைவிட, அடாப்டரிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரை மட்டும் அந்த நாட்டுப் பிளக் உள்ளதாக மாற்றுங்கள், விலை சில நூறு ரூபாய்தான். இந்திய ஸ்பைக் பஸ்டரை அங்கே கொண்டுபோகாதீர்கள். வீட்டில் அம்மா பெட்டிக்குள் திணிக்கும் மிக்ஸிக்கு இந்தச் சலுகை கிடையாது. 230 வோல்ட் மோட்டார் அங்கே சரியாகச் சுற்றாது, 110 வோல்ட் மாடலாகக் கேட்டு வாங்க வேண்டும்.

குளச்சல் வாசகர்: மகன் செப்டம்பரில் அயர்லாந்துக்குப் படிக்கப் போகிறான். துபாயில் இருக்கும் மைத்துனர் அடுத்த மாதம் லீவில் வருகிறார். அங்கே விலை குறைவு என்பதால் அவரிடம் சொல்லி ஒரு லேப்டாப் வாங்கி வரச் சொல்லலாமா? 70,000 ரூபாய் மாடல்.

வேண்டாம். இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதினாலும் மறுபடி வருகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்த காலத்தில் டேப் ரெக்கார்டரும் விசிஆரும் அங்கிருந்துதான் வந்தன. அன்று இங்கே அவை எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் இறக்குமதி வரி கழுத்தை நெரித்தது. அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. லேப்டாப் விஷயத்தில் நிலைமை வேறு. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி, இந்தியாவில் லேப்டாப்புக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. மிச்சமிருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி, அங்கே 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) என்பதுதான். 70,000 ரூபாய் மாடலில் அது ஏழெட்டாயிரம். சவுதி என்றால் அங்கே வாட் 15 சதவீதம், வித்தியாசம் இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த ஏழெட்டாயிரத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். வாங்கிய நாடு துபாய், பெட்டி வந்து இறங்கும் இடம் குளச்சல், பயன்படுத்துவது டப்ளினில். பில் மைத்துனர் பெயரில் இருக்கும், பையன் கையில் லேப்டாப் மட்டும் இருக்கும். பல மாடல்களின் வாரண்டி விற்ற நாட்டோடு கட்டப்பட்டது. டப்ளின் சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டியதும் இது வேறு ரீஜன் என்று சொல்லிவிடுவார்கள். வாரண்டி இல்லாமல் மதர்போர்டு மாற்ற இங்கேயே இருபதாயிரத்துக்குக் குறையாது, அயர்லாந்தில் அதைவிடக் கூடும். கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்து அச்சிட்டிருக்கும், அது பெரிய குறையில்லை. பிளக் மட்டும் துபாயிலும் அயர்லாந்திலும் ஒரே மாதிரி, மூன்று தட்டைக் கம்பி. உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அப்புறம் சுங்கம். 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் இந்தியாவுக்குக் கொண்டு வரலாம். மைத்துனர் தன் சொந்த லேப்டாப்பையும் எடுத்து வந்தால் உங்களுடையது இரண்டாவது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இந்த மைத்துனர்களின் நிலைதான். வெயிலில் வேலை பார்த்து, வருடத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்க்கக் கிடைக்கும் லீவில், ஒவ்வொரு உறவினருக்கும் ஒரு சாமான் தேடிக் கடை கடையாக அலைகிறார்கள். தன் பிள்ளைக்கு வாங்கியதைப் பாதி விலக்கிவிட்டு உங்கள் பெட்டியைச் சுமந்து வருகிறார்கள். அது கெட்டுப்போனால் ‘நீ பார்த்து வாங்கவில்லை’ என்ற பேச்சும் அவர்களுக்குத்தான். என்னிடம் சர்வீஸுக்கு வந்த ஒரு லேப்டாப் அப்படித்தான், நாலைந்து மாதத்தில் போர்டு போய்விட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டர் கைவிரித்தது, வாங்கி வந்தவருக்கும் வாங்கச் சொன்னவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒரு பொருளுக்காக உறவைப் பணயம் வைக்காதீர்கள்.

பையன் அயர்லாந்தில் வாங்கட்டும். வாட் 23 சதவீதம், விலை கூடுதல்தான். மாணவர் தள்ளுபடியில் ஒரு பகுதி திரும்பிவிடும். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பும் உரிமை ஐரோப்பியச் சட்டத்திலேயே இருக்கிறது. அவ்வளவு பணம் முடியாது என்றால் இங்கே, அவன் பெயரில் பில் போட்டு, எழுத்தில் சர்வதேச வாரண்டி உள்ள மாடலாக வாங்குங்கள். பிசினஸ் வரிசை மாடல்கள் பலவற்றில் அது உண்டு, அதே கம்பெனியின் விலை குறைந்த வரிசையில் இல்லாமல் இருக்கலாம். மேக்புக்கின் ஒரு வருட வாரண்டி பொதுவாக வேறு நாடுகளிலும் செல்லும். டெல் வாங்கினால் சர்வீஸ் டேக்கை (அந்த லேப்டாப்பின் அடையாள எண்) போகிற நாட்டுக்கு மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். ‘உலகம் முழுக்க வாரண்டி உண்டு சார்’ என்று கடைக்காரர் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. கம்பெனியின் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு நீங்களே பாருங்கள்.

திங்கள்சந்தை வாசகர்: பில் வேண்டாம் என்றால் ஐந்தாயிரம் குறைத்துத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். எப்படியும் கனடாவுக்குக் கொண்டுபோகப் போகிறேன், வாங்கலாமா?

கூடாது. பில் இல்லாத லேப்டாப்புக்கு இங்கேயும் நாதியில்லை, கனடாவிலும் நாதியில்லை. ஜிஎஸ்டி பில், உங்கள் முழுப் பெயர், சீரியல் நம்பர் மூன்றும் ஒரே தாளில் இருக்க வேண்டும். கடையை விட்டு இறங்கும் முன்பே அந்த எண்ணை லேப்டாப்பின் அடியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

குழித்துறை வாசகி: லேப்டாப்பைத் துணிகளுக்கு நடுவே வைத்து செக்-இன் பெட்டியில் போடலாமா? பவர் பேங்க்?

இரண்டையும் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்க்கை செக்-இன்னில் போடவே கூடாது, அதன் கொள்ளளவு 100 வாட்-ஹவருக்குள் (Wh) இருக்கட்டும். பில் நகலும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அருமனை வாசகர்: 2016-இல் வாங்கிய லேப்டாப், ஐ5 ஆறாம் தலைமுறை, நன்றாக ஓடுகிறது. லண்டனில் ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு அது போதாதா?

முதல் மாதத்தை ஓட்டப் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 உங்கள் பிராசசரை ஏற்காது. அதில் வங்கிக் கணக்கைத் திறந்து உட்காராதீர்கள். கையோடு கொண்டுபோங்கள், இடம் பழகியதும் அங்கே வாங்குங்கள். கம்பெனியே புதுப்பித்து வாரண்டியோடு விற்கும் லேப்டாப்கள் அங்கே நல்ல விலையில் கிடைக்கும். விலைப்பட்டியலில் 20 சதவீத வாட் சேர்ந்தே இருக்கும். திரும்பும்போது விமான நிலையத்தில் அந்த வரியை வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பிரிட்டனில் அந்த வசதியை 2021-இலேயே நிறுத்திவிட்டார்கள்.

தேங்காப்பட்டணம் வாசகி: மகள் போய்ச் சேர்ந்த பிறகு கூரியரில் அனுப்பலாமா?

வேண்டாம். லித்தியம் பேட்டரிக்குத் தனி விதிமுறை, போய்ச் சேரும் நாட்டில் மகள் வரி கட்ட வேண்டிவரும். அவளே கையில் கொண்டுபோகட்டும்.

முட்டம் வாசகர்: மெர்ச்சன்ட் நேவியில் சேருகிறேன். சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறேன். அங்கே வாங்கட்டுமா?

இங்கே வாங்குங்கள் தம்பி. உங்களுக்கு ஒரு நாடு என்று கிடையாது, துறைமுகம் மாறிக்கொண்டே இருக்கும், சர்வீஸ் சென்டரைத் தேடிப் போக நேரம் கிடைக்காது. காண்ட்ராக்ட் முடிந்து திரும்பி வருவது முட்டத்துக்குத்தான், ஆகவே வாரண்டியும் இங்கேயே இருக்கட்டும். விலை உயர்ந்த மெல்லிய மாடல் வேண்டாம். பேட்டரி, எஸ்எஸ்டி, ரேம் மாற்றக்கூடியதாக, கெட்டியானதாக எடுங்கள். பல நாட்டுப் பிளக்குக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்று அவசியம். தேர்வுப் பாடங்களை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில் இறக்கிக்கொண்டு போங்கள், நடுக்கடலில் இணையத்தை நம்ப முடியாது. கடல்காற்றின் உப்பு போர்ட்டுகளை அரிக்கும். கடலோரக் கிராமங்களிலிருந்து வரும் லேப்டாப்களில் நான் அடிக்கடி பார்ப்பது அதைத்தான். வேலை முடிந்ததும் மூடி உறைக்குள் வையுங்கள். பில்லை வீட்டில் ஒரு நகல், மெயிலில் ஒரு நகல்.

கொட்டாரம் வாசகர்: வெளிநாட்டில் வாங்கும் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க முடியுமா?

முடியும். விண்டோஸ், மேக் இரண்டிலும் தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறை உள்ளேயே இருக்கிறது, செட்டிங்கில் மொழியைச் சேர்த்தால் போதும். கட்டையில் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. இதற்காக மட்டும் இங்கே வாங்க வேண்டாம்.