சித்திரக்கதை மூலப்பக்கங்கள்: சேர்ப்பது, சட்டமிடுவது, காப்பது – கேள்வி பதில்

சித்திரக்கதை அச்சுக்குப் போவதற்கு முன் ஓவியர் தம் கையால் வரைந்து முடித்த தாளைத்தான் மூலப்பக்கம் என்கிறேன். நம் மொரீசியஸில் பலரும் அதைப் பிரெஞ்சு வழக்கில் ‘பிளான்ஷ்’ என்றே சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரோஸ்ஹில்லில் இவற்றைச் சேர்த்து, நானே சட்டமிட்டும் வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே செய்தியைக் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

காத்ர் போர்னிலிருந்து ஓர் அன்பர்: பாரிஸ் ஏலத்தில் ஒரு பெல்ஜிய ஓவியரின் பக்கத்தை வாங்கினேன். அச்சான சித்திரக்கதை நூலில், அதாவது ஆல்பத்தில், முழு வண்ணத்தில் இருக்கும் பக்கம், கைக்கு வந்தபோது கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை, ஐயா. பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பங்களில் நெடுங்காலம் நடந்த முறை அதுதான். ஓவியர் கறுப்பு மையில் பக்கத்தை முடித்துக் கொடுப்பார். அந்தக் கோடுகளை வெளிறிய நீலத்திலோ சாம்பல் நிறத்திலோ வேறொரு தாளில் அச்சிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டுவார்கள். கறுப்புக் கோடு ஒளி ஊடுருவும் படலத்தில் தனியாக அதன்மேல் அமரும். அந்த வண்ணத்தாளுக்கு ‘ப்ளூ’ என்று பெயர். அதைத் தீட்டியது பல நேரங்களில் வேறு கை. ஆகவே உங்களிடம் இருப்பதுதான் ஓவியரின் பக்கம். நேரடியாக வண்ணத்திலேயே வரைந்தவர்களும் உண்டு. அவர்களுடைய பக்கங்களை மட்டும் வண்ணத்தில் எதிர்பாருங்கள்.

போர்ட் லூயிஸிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அமெரிக்கப் பக்கம் ஒன்றை வாங்க ஆசை. அது அசல்தானா, நல்ல அச்சுப் பிரதியா என்று எப்படி அறிவது?

தம்பி, முதலில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பல் நிறப் பகுதிகளும் வண்ணங்களும் ஒழுங்கான நுண்புள்ளிகளாக உடைந்து தெரிந்தால் அது அச்சு. ஒட்டுப்படலத்தில் வரும் நிழற்புள்ளிகளையும் ஓவியர்கள் பயன்படுத்தியிருப்பதால், புள்ளி இருக்கும் இடத்தில் படலத்தின் வெட்டிய ஓரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். கையால் மையிட்ட பக்கத்தில் பெரிய கறுப்புப் பரப்புகள் ஒரே சீராக இருப்பதில்லை. தூரிகை ஒன்றன்மேல் ஒன்றாகச் சென்ற இடங்கள் சாய்த்துப் பிடித்தால் மினுங்கும். அழித்த பென்சில் கோடு, வெள்ளை மையால் திருத்திய இடம், ஓரத்தில் கதைப்பெயரும் பக்க எண்ணும் எழுதிய குறிப்பு ஆகியவையெல்லாம் நல்ல அடையாளங்கள். வெளிர்நீலக் கோடுகளும் அப்படியே; அச்சகக் கேமராவின் கண்ணுக்கு அந்த நீலம் படாது என்பதால் ஓவியர்கள் அதை அழிக்காமலே விட்டுவிடுவார்கள்.

அளவையும் பாருங்கள். ஏறத்தாழ 1967 வரை அமெரிக்க ஓவியர்கள் பெரிய தாளில், சுமார் 12.5 அங்குல அகலமும் 18.5 அங்குல உயரமும் கொண்ட படப்பரப்பில் வரைந்தார்கள்; அதன் பின்னர் 10 × 15 அங்குலப் பரப்பு வழக்கமாயிற்று. 1963-இல் வெளியான கதையின் பக்கம் என்று சொல்லிச் சிறிய தாளைக் காட்டினால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். இக்காலப் பக்கங்களில் வேறொரு சிக்கல் உண்டு. பென்சில் ஓவியத்தைக் கணினி வழியாக அனுப்ப, மையிடுபவர் அதை வெளிர்நீலத்தில் அச்சிட்டு அதன்மேல் மையிடுகிறார். ஒரே பக்கத்துக்கு இப்படி இரண்டு தாள்கள் இருக்கும், இரண்டும் உண்மையானவையே, ஆனால் எது உங்கள் கைக்கு வருகிறது என்பதை விற்பவர் சொல்ல வேண்டும். முழுவதும் திரையிலேயே வரைபவர்களின் கதைகளுக்குத் தாளில் மூலமே கிடையாது.

பக்கம் யார் யார் கைகளில் இருந்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கப் பெரிய பதிப்பகங்கள் ஓவியர்களுக்குப் பக்கங்களைத் திருப்பித் தரத் தொடங்கியதே 1970-களில்தான். மார்வெல் நிறுவனத்துக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை வரைந்ததாகக் கணக்கிடப்படும் ஜாக் கிர்பிக்கு, நீண்ட போராட்டத்துக்குப் பின் 1987-இல் திரும்பக் கிடைத்தவை சுமார் இரண்டாயிரம் மட்டுமே. மீதியில் எத்தனையோ பக்கங்கள் ஓவியர் கைக்கு வராமலே சந்தைக்கு வந்துவிட்டன. வாங்கும் உரிமை நமக்கு இருக்கலாம். அந்த மனிதருக்கு நேர்ந்ததை மறந்துவிட்டு வாங்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

கியூர்பிப்பிலிருந்து ஓர் அம்மையார்: மறைந்த என் கணவர் சட்டமிட்டு மாட்டிய ஆறு பக்கங்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. கண்ணாடியின் உட்புறத்திலும் பனி படிந்ததுபோல் இருக்கிறது. என்ன செய்வது?

அம்மா, இன்றே அவற்றைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள். உங்கள் ஊர் தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மழையை நேராக வாங்கும் மேட்டுநிலம். ஈரப்பதம் பல நாட்கள் தொடர்ந்து உயர்ந்தே நிற்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நெடுநேரம் நின்றால் தாளில் பூசணம் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. போதாததற்கு, 1960-இல் அலிக்ஸ், கரோல் என்னும் இரு புயல்கள் மரவீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு நாம் பெரும்பாலும் கான்கிரீட் வீடுகளையே கட்டுகிறோம். மழை மோதும் வெளிச்சுவர் குளிர்ந்து கிடக்கும்போது, அதை ஒட்டி மாட்டிய சட்டத்தின் உள்ளே ஈரம் நீராகப் படியும். கண்ணாடியில் நீங்கள் கண்ட பனி அதுவாகவே இருக்க வேண்டும்.

சட்டத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் மூடிய தாளை அறுத்து, பக்கங்களை மெல்ல வெளியே எடுங்கள். கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். அதைத் தாள் பேணும் வல்லுநரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒட்டாமல் வந்தவற்றை நேர்வெயில் படாத, காற்றோடும் உள்ளறையில் சில நாட்கள் பரப்பி வையுங்கள். பூசணம் பொடியாக உலர்ந்த பிறகே, முகக்கவசம் அணிந்து, மென்தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிடலாம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது நாருக்குள் இறங்கிவிடும். பழுப்புப் புள்ளிகளை வெளுக்க வைக்கும் எந்த மருந்தையும் வீட்டில் முயலாதீர்கள். உங்கள் கணவர் பார்த்து மகிழ்ந்த பக்கம் புள்ளிகளோடும் அதே பக்கம்தான்.

மீண்டும் மாட்டும்போது உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று செல்லும். அறையில் ஒரு சிறிய ஈரப்பதமானி இருக்கட்டும். 40-க்கும் 55-க்கும் இடையே நின்றால் நிம்மதி. கியூர்பிப்பில் அதற்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தேவைப்படும் என்றே நினைக்கிறேன்.

வக்குவாவிலிருந்து ஓர் அன்பர்: சட்டமிடும் கடைக்காரர், பக்கம் நெளியாமல் இருக்க அட்டையில் முழுவதுமாக ஒட்டித் தருகிறேன் என்கிறார். சம்மதிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இந்த ஒரு பதிலை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். என் தொடக்க நாட்களில் நான் முதன்முதலாக வாங்கிய பக்கத்தை ஒரு கடையில் கொடுத்தேன். இருபுறமும் பசையுள்ள டேப்பால் நான்கு ஓரங்களையும் ஒட்டிக் கொடுத்தார்கள். ஐந்தாறு கோடைகள் கழிந்தபோது பசை தாளின் முன்பக்கம்வரை ஊறி, எண்ணெய்க் கறைபோல் நான்கு பட்டைகள் தெரிந்தன. அவை இன்றும் இருக்கின்றன. மூலப்பக்கத்துக்கு எதைச் செய்தாலும் அதைப் பின்னால் தீங்கின்றி நீக்க முடிய வேண்டும். நீக்க முடியாததைச் செய்யவே கூடாது.

கடைக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள். பின்னட்டையும் ‘பாஸ்பார்த்து’ எனப்படும் சாளர அட்டையும் முழுக்கப் பருத்தி நாரால் ஆனவையாக இருக்க வேண்டும். மரக்கூழ் அட்டையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். பக்கத்தின் மேலோரத்தில் மட்டும், ஜப்பானியக் கோசோ தாளில் கிழித்த இரண்டு சிறிய கீல்களைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் பொருத்தினால் போதும். கத்தரித்த ஓரம் தாளில் தடம் பதிக்கும் என்பதால்தான் கிழிக்கச் சொல்கிறேன். பசையே வேண்டாம் என்றால் பாலியெஸ்டர் மூலைப்பைகள் நான்கில் பக்கத்தைச் செருகி வைக்கலாம். எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். பக்கம் சற்று நெளிந்தால் நெளியட்டும். ஈரம் ஏறும்போது விரிவதும் இறங்கும்போது சுருங்குவதும் தாளின் இயல்பு. அதற்கு இடம் விட வேண்டும்.

கிராண்ட் பேயிலிருந்து: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டுவிட்டால் வரவேற்பறையில் எங்கும் மாட்டலாம் அல்லவா?

அந்தக் கண்ணாடி மிகவும் தேவைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் வண்ணத்தை வெளுக்கச் செய்யும், அதை எந்தக் கண்ணாடியும் தடுக்காது. அருங்காட்சியகங்கள் தாளோவியங்களைச் சுமார் 50 லக்ஸ் ஒளியில் காட்டுகின்றன. கடலோர வீட்டின் வரவேற்பறையில் பகலில் அதைப்போலப் பல மடங்கு ஒளி நிறையும். கரியால் ஆன இந்தியன் இங்க்கும் பென்சிலும் வெளிச்சத்தைத் தாங்கும். ஃபெல்ட் பேனா, மார்க்கர் மை, நீர்வண்ணம் ஆகியவை தாங்கா. ஓவியர் மார்க்கரில் இட்ட கையெழுத்து மட்டும் மறைந்துபோன பக்கங்களைக் கண்டிருக்கிறேன். நம் தீவில் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி வடக்குப் பக்கமாகவே செல்கிறது என்பதை நினைவில் வைத்து, வடக்குச் சாளரத்தின் எதிர்ச்சுவரைத் தவிர்த்துவிடுங்கள். நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பக்கங்களை மாற்றி மாட்டி, இறக்கியவற்றை இருட்டில் ஓய்வாக வையுங்கள். கண்ணாடி ஓவியத்தைத் தொடவே கூடாது. பாஸ்பார்த்து அந்த இடைவெளியைத் தரும்.

ரீயூனியனிலிருந்து ஒரு தமிழன்பர்: சட்டமிடாத பக்கங்களை எந்த உறையில் வைப்பது? அஞ்சலில் சுருட்டி அனுப்பலாமா?

பாலியெஸ்டர் உறை நல்லது, பி.வி.சி. உறை காலப்போக்கில் பிசுபிசுத்து மையைப் பிய்த்துக்கொள்ளும். மென்பென்சில், கரிக்கோல், உதிரும் வண்ணம் உள்ள பக்கங்களைப் பாலியெஸ்டரிலும் வைக்காதீர்கள். அதன் நிலைமின்னேற்றம் துகள்களை இழுத்துவிடும். அவற்றுக்கு அமிலமற்ற தாள் உறையே சரி. லேமினேஷன் செய்த பக்கம் இழந்த பக்கம்.

சுருட்டக் கூடாது. பக்கத்தைவிடப் பெரிய இரண்டு நெளிவு அட்டைகளை, ஒன்றின் வரிகள் மற்றதற்குக் குறுக்காக வருமாறு அடுக்கி, நடுவில் தட்டையாக வைத்து அனுப்புங்கள். டின்டினின் ‘நீலத் தாமரை’ ஆல்பத்துக்காக ஹெர்ஜே 1936-இல் தீட்டிய அட்டைப்படம், 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் மடிப்புத் தடங்கள் அப்படியே தெரிந்தன. உங்கள் தீவில் 1986-இல் தொடங்கிய ‘பல்லியின் குரல்’ என்று பொருள்படும் ‘லெ க்ரி த்யூ மர்குயா’ இதழில் வரைந்தவர்களின் பக்கங்களையும் தேடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்; நம் கடலின் கதைகளை நாம்தான் காக்க வேண்டும்.

திரியோலேயிலிருந்து: பழைய பக்கத்தில் வசனக்குமிழ் உரிந்து தொங்குகிறது. ஒட்டிவிடவா? மேலும், அந்துருண்டையோ வேப்பிலையோ வைக்கலாமா?

ஒட்டாதீர்கள். முழுவதும் விழுந்துவிட்டால் அதை ஒரு சிறிய தாளுறையில் இட்டு, அதே பக்கத்தோடு வையுங்கள். குமிழை ஒட்டியிருந்த, பழுத்துப்போன ரப்பர் பசையை நீக்கிப் புதிய பசை வைப்பது பயிற்சி பெற்ற கையின் வேலை.

ஓலைச்சுவடிகளோடு வேப்பிலை வைத்த மரபு நமக்கு உண்டு. ஆனால் இலை ஈரத்தையும் கறையையும் தாளுக்குத் தரும் என்பதால், பக்கத்தைத் தொடுமாறு வைக்க வேண்டாம். அந்துருண்டையின் ஆவி மனிதருக்கும் கேடு, சில பிளாஸ்டிக்குகளுக்கும் கேடு. இராமபாணப் பூச்சியும் கரையானும் ஈரத்தையும் இருட்டையும் அசையாமையையும் நாடிவருபவை. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதே சிறந்த காவல்.

கூத்லெண்டிலிருந்து: முத்து காமிக்ஸில் படித்த இரும்புக்கை மாயாவியின் தமிழ் மூலப்பக்கம் கிடைக்குமா?

முத்து காமிக்ஸ் 1972-இல் அந்தக் கதையோடுதான் தொடங்கியது. ஆனால் அது பிரிட்டிஷ் இதழுக்காக ஸ்பானிய ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர். தமிழ் வசனம் பின்னர் அச்சுப்படிகளில் சேர்ந்தது. ஆகவே தமிழ் எழுத்தோடு மூலப்பக்கம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

போர்ட் லூயிஸிலிருந்து மீண்டும் ஒருவர்: 2024 ஜனவரியில் பெலால் புயல் வெள்ளத்தில் என் பெட்டி நனைந்து, பாதிப் பக்கங்கள் போயின. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?

கேட்கவே வருத்தமாக இருக்கிறது. நனைந்த தாளில் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்குள் பூசணம் தொடங்கிவிடலாம் என்பதால் நேரம்தான் எல்லாம். சேற்றைத் தேய்க்காமல், பக்கங்களை ஒன்றோடொன்று படாமல் உறிஞ்சுதாள்மேல் பரப்பி, மின்விசிறியைத் தாள்மேல் நேராகத் திருப்பாமல் அறைக் காற்றை ஓடவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பரப்ப இடமில்லையென்றால், இடையிடையே மெழுகுத்தாள் வைத்துப் பையிலிட்டு உறைபெட்டியில் வையுங்கள். பூசணம் நின்றுவிடும், பின்னர் சில சிலவாக எடுத்து உலர்த்தலாம். மார்க்கர் மை உள்ளவற்றை முதலில் எடுங்கள், இந்தியன் இங்க் காத்திருக்கும். நவம்பரில் புயற்பருவம் தொடங்கும் முன்பே பெட்டியைத் தரைத்தளத்திலிருந்து மேல்மாடி அலமாரிக்கு ஏற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் முன்னும் பின்னும் படமெடுத்து, அந்தப் படங்களை வேறு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.