மரக் கீல் ஏன் ஒடிகிறது? சின்னப் பெட்டிக்கு நின்று உழைக்கும் கீல்

கேள்வி: "நவராத்திரித் தாம்பூலத்தோடு கொடுப்பதற்காக, தேக்கு வெட்டுத் துண்டுகளில் ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் அளவில் குங்குமப் பெட்டிகள் செய்கிறேன். பித்தளைக் கீல் போடாமல், பின்பலகையிலும் மூடியிலும் பல் வெட்டிக் கம்பி கோத்து, கீலையும் மரத்திலேயே செய்து பார்த்தேன். இரண்டு பெட்டியில் பல் ஒடிந்துவிட்டது. ஒன்று பாதி திறந்ததும் முட்டி நிற்கிறது. இன்னொன்று சித்திரையில் நன்றாக ஓடியது, ஐப்பசி மழையில் இறுகிவிட்டது. என்னிடம் இருப்பது கைரம்பம், உளி, கை டிரில்லர், அவ்வளவுதான். மெஷின் இல்லாமல் இது ஆகுமா?" (திருமங்கலம் வாசகி ஒருவர்)

ஆகும். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் காரணம் தனித்தனி. முதலாவதுதான் பெரிது. அதை விட்டுவிட்டு மற்ற இரண்டைச் சரிசெய்தால், நன்றாக ஓடும் கீல் கொஞ்ச நாளில் ஒடியும்.

ஒடிந்த பெட்டியைக் கையில் எடுத்து, பின்பலகையில் ரேகை, அதாவது மர நார் ஓடும் கோடு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பெட்டியின் நீளவாக்கில், இடமிருந்து வலமாகத்தான் ஓடும். எல்லாப் பெட்டியும் அப்படித்தான் செய்வோம், அதுதான் முறையும். ஆனால் கீல் கம்பியும் அதே திசையில்தான் போகிறது. அப்படியானால் நீங்கள் வெட்டிய ஒவ்வொரு பல்லிலும் நார் குறுக்கே கிடக்கிறது. ஆறு மில்லி அகலப் பல்லில் நாரின் நீளமும் ஆறு மில்லிதான். மூடியைக் கொஞ்சம் அழுத்தித் திறந்தாலே, நாருக்கும் நாருக்கும் நடுவே அடியோடு பிளந்துவிடும். ஒடிந்த முகம் வழவழவென்று, வகிர்ந்தாற்போல இருக்குமே, அதுதான் அடையாளம். இன்னும் கவனமாக வெட்டினாலும் அடுத்த பெட்டியும் இதே இடத்தில்தான் ஒடியும்.

பல்லின் நார் கம்பிக்குக் குறுக்காக, பல்லின் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். பின்பலகையின் ரேகையைத் திருப்ப முடியாது. அதனால் கீலைத் தனித் துண்டாகச் செய்து பெட்டியில் ஒட்டுங்கள். பெட்டி தேக்காகவே இருக்கட்டும். கீலுக்கு நான் பூவரசு சொல்வேன். நம் பக்கத்துக் கண்மாய்க்கரையிலும் தோட்டத்து ஓரத்திலும் நிற்கிற மரம்தான். வண்டிச் சக்கரத்துக்கு அந்தக் காலத்தில் தேடிப் போட்ட மரம். நார் பின்னிக் கெட்டியாக இருக்கும், லேசில் பிளக்காது. வயிரப் பகுதி கருஞ்சிவப்பாக இருப்பதால் தேக்கின் மேல் வைத்தால் கண்ணுக்கும் நன்றாக இருக்கும். வாகையும் ஆகும். ஈட்டி அழகுதான், ஆனால் 2017 முதல் ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மரவாடியில் பில்லோடு வாங்கிய துண்டு கையில் இருந்தால் மட்டும் போடுங்கள். எந்த மரமானாலும் அறுத்த துண்டை இரண்டு மூன்று வாரமாவது வீட்டுக்குள் காற்றாட வைத்த பிறகு உளியைத் தொடுங்கள்.

இனி கீல் செய்யும் முறை. ரேகை நீளவாக்கில் ஓடும்படி 30 மி.மீ. அகலம், 8 மி.மீ. கனத்துக்கு ஒரு பட்டையை இழைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நாற்பது நாற்பது மில்லியாக இரண்டு துண்டு நறுக்கினால் ஒரு கீலின் இரண்டு இலையும் (கீலின் இரண்டு பாதியும்) வந்துவிடும். ஒரு இலையில் மூன்று பல், இன்னொன்றில் இரண்டு. ஒவ்வொன்றும் ஆறு மில்லி அகலம். மூன்று பல் உள்ளது பெட்டிக்கு, இரண்டு பல் உள்ளது மூடிக்கு. கால் அங்குல உளி ஆறு மில்லியைவிடக் கொஞ்சம் அகலம், ஆறு மில்லிப் பள்ளத்துக்குள் நுழையாது. ஆறு மில்லி உளி கிடைத்தால் வேலை சுலபம். பென்சில் கோடு தடிப்பாக விழும், கத்தி முனையால் கீறுங்கள். கைரம்பத்தின் பல் பெரிதாக இருந்தால், இரும்பு அறுக்கிற ஹேக்சா பிளேடில் புதியதாக, பொடிப் பல் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், அது சன்னமாக அறுக்கும். கழிக்க வேண்டிய பக்கத்தில் அறுத்து, கோடு தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள். மிச்சத்தை உளியால் எடுக்கும்போது ஒரு பக்கத்திலிருந்து பாதி, திருப்பிப் போட்டு மறுபாதி. ஒரே பக்கத்திலிருந்து அடித்தால் அடிமுகம் பிய்த்துக்கொண்டு போகும். முதல் இலையை வெட்டி முடித்த பிறகு, அதையே இரண்டாவதன் மேல் வைத்துக் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாக அளந்தால் ஒன்றுக்கொன்று சேராது.

பல்லின் ஆழம் எட்டரை மில்லி இருக்கட்டும். மரத்தின் கனம் எட்டு, மிச்ச அரை மில்லி ஓடுவதற்கான இடம். இந்த அரை மில்லிக்கு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அடுத்தது துளை. உங்கள் மூடி பாதியில் முட்டி நிற்பதற்கு இங்கும் இதை அடுத்து வரும் உருட்டும் வேலையிலும்தான் காரணம் இருக்கிறது. கம்பி போகும் துளையின் மையம், பல்லின் நுனியிலிருந்தும் மேல்முகத்திலிருந்தும் கீழ்முகத்திலிருந்தும் சரியாக நான்கு மில்லியில் விழ வேண்டும். இதற்கு வரிசை முக்கியம்: முதலில் பல் வெட்டு, பிறகு இரண்டு இலையையும் கோத்துவிடு, கோத்தபடியே துளை போடு, கடைசியில்தான் மூலையை உருட்டு. உருட்டிய பிறகு துளை போட்டால் துண்டு நேராக நிற்காது, மையமும் தவறும். கோக்கும்போது ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் கல்யாணப் பத்திரிகை அட்டைத் துண்டு ஒன்றை, அரை மில்லி கனத்துக்கு வரும்படி செருகுங்கள். தட்டையான பலகை மேல் வைத்துக் கிளாம்பால் இறுக்குங்கள். இரண்டு பக்கமும் மையத்தைக் கீறி, கூரான ஆணியால் குத்திவிட்டு, 2 மி.மீ. பிட்டால் ஒரு பக்கத்திலிருந்து பாதி, மறுபக்கத்திலிருந்து பாதி போடுங்கள். சன்னமான பிட் நாரின் மேல் படும்போது விலகிப் போகும். அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். மெஷின் என்று ஒன்று வாங்குவதானால், கை டிரில்லரை நிமிர்த்திப் பிடிக்கிற ஸ்டாண்டை வாங்குங்கள். முப்பது மில்லி துளையைக் கையால் நேராகப் போடுவது கஷ்டம், நிறைய துண்டு வீணாகும்.

துளை விழுந்ததும் இலைகளைப் பிரியுங்கள். மூடி இலையின் இரண்டு பல்லில் மட்டும் துளையைச் சற்றே பெரிதாக்க வேண்டும், 2.2 மி.மீ. பிட் போதும். கம்பி பெட்டி இலையில் இறுக்கமாகவும், மூடி இலையில் தளர்வாகவும் இருக்க வேண்டும். இரண்டிலும் இறுகினால் ஓடாது, இரண்டிலும் தளர்ந்தால் கம்பி நழுவி வெளியே வரும்.

இப்போது மூலையை உருட்டுவது. கவனமெல்லாம் இங்கே வேண்டும். பல்லின் நுனியில் இரண்டு மூலை உண்டு. பெட்டி மூடியிருக்கும்போது ஒன்று உள்பக்கம் பார்க்கும், இன்னொன்று வெளியே பார்க்கும். உள்மூலையை மட்டும், துளையை மையமாக வைத்து நான்கு மில்லி ஆரமுள்ள வட்டத்துக்கு அரத்தால் உருட்டுங்கள். உப்புத்தாளால் முடித்துவிடுங்கள். வெளிமூலையைத் தொடாதீர்கள், சதுரமாகவே இருக்கட்டும். இரண்டு இலைக்கும் இதே கணக்கு.

ஏன் என்றால், மூடி ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரி வரும்போது உள்மூலைதான் எதிர்ப் பள்ளத்தின் அடியை நோக்கி வருகிறது. அது உருளாமல் இருந்தால் அங்கேயே முட்டும். உங்கள் பெட்டி நிற்கிற இடம் அதுதான். துளை ஒரு முகத்தின் பக்கம் தள்ளிப்போயிருந்தாலும் இதே கோளாறு வரும். ஒட்டுவதற்கு முன்னால் கம்பியைக் கோத்து மடக்கிப் பாருங்கள், பிறகு உருவி, உரசிய இடம் பளபளவென்று தெரிகிறதா பாருங்கள். தெரிகிற இடத்தில் மட்டும் அரத்தைத் தொடுங்கள். வெளிமூலையோ, மூடி நிமிர்ந்து தொண்ணூறைத் தாண்டிச் சில டிகிரி சாய்ந்த பிறகுதான் போய்த் தட்டும். பள்ளத்தில் விட்ட அந்த அரை மில்லி அந்தச் சில டிகிரியைக் கொடுக்கிறது. மூடி லேசாகப் பின்னால் சாய்ந்து, தானாக நிற்கும். சங்கிலி வேண்டாம், நாடா வேண்டாம். இரண்டு மூலையையும் அழகுக்காக உருட்டிவிட்டால் மூடி பின்னால் மல்லாந்து விழும், சின்னப் பெட்டியானால் குங்குமத்தோடு சேர்ந்து கவிழும்.

ஆறு அங்குலப் பெட்டிக்கு இரண்டு கீல் வையுங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், கொஞ்சம் தப்பினாலும் மூடி முறுக்கிக்கொள்ளும். சைக்கிள் கடையில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி வாங்குங்கள். சாதாரண ஸ்போக்ஸ் 2 மி.மீ. கனம்தான், பெட்டியை விட நீளமாகவும் இருக்கும். மூடியை மூடிய நிலையில் வைத்து, அந்த ஒரே கம்பியை இரண்டு கீலுக்குள்ளும் கோத்து, அப்படியே ஒட்டிவிடுங்கள். பெட்டி இலை பின்பலகையின் வெளிமுகத்தில், மூடி இலை மூடியின் மேல்முகத்தில். காய்ந்ததும் ஸ்போக்ஸை உருவிவிட்டு, 2 மி.மீ. பித்தளைக் கம்பி வெட்டிப் போடுங்கள். சாதாரண இரும்புக் கம்பி மழைக்காலத்தில் துருப்பிடித்து ஊதி, துளையைக் கவ்விக்கொள்ளும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை இருக்கும், பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் புதிதாகத் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆறியவுடன் அரால்டைட் போடுங்கள். பல்லுக்குள் பசை போகாமல் மெழுகு தடவிக்கொள்ளலாம். அப்புறம் ஒவ்வொரு இலைக்கும் இரண்டு மூங்கில் ஆணி அடியுங்கள். இலையின் ரேகையும் பலகையின் ரேகையும் குறுக்குமறுக்காக இருப்பதால் மரம் அசையும்போது இழுபறி இருக்கும். இலை நாற்பது மில்லியைத் தாண்டாமல் இருந்தால் அந்த இழுபறியைப் பசை தாங்கிக்கொள்ளும்.

மழையில் இறுகியதற்கு வருவோம். பங்குனி சித்திரையில் மதுரை வெயிலில் மரம் நன்றாக வற்றியிருக்கும்போது, காகிதம்கூட நுழையாமல் பல்லைப் பொருத்தியிருப்பீர்கள். உங்கள் பல்லில் நார் குறுக்கே கிடப்பதால் அது நீளத்திலும் கனத்திலும் ஊதி, எதிர்ப் பள்ளத்தின் அடியில் முட்டும். தனித் துண்டாகச் செய்யும் கீலிலோ பல்லின் நுனிதான் வெட்டுமுகம் (நார் அறுபட்ட முகம்), ஈரத்தை முதலில் குடிப்பது அதுதான். பல் அகலத்தில் ஊதும். அடிப்பாகமோ பெட்டியோடு ஒட்டிக் கிடப்பதால் அதே அளவு விரியாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி விடுங்கள். பாலிஷ் அடிக்கும்போது பல்லின் பக்கங்களில் கனமாகப் படியவிடாதீர்கள், அந்தப் பூச்சே இடைவெளியை அடைத்துவிடும். அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். வெளியே அரக்குப் பாலிஷ் நல்லது. தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் வேண்டாம், நாளானால் சிக்கு வாடை வரும், அதே பெட்டியில் குங்குமமும் கெடும். இப்போது இறுகியிருக்கிற பெட்டியை அவசரப்பட்டு உரச வேண்டாம். தை, மாசியில் மரம் வற்றியதும் திறந்து, உரசும் பக்கத்தை மட்டும் ஒரு சீவல் எடுங்கள்.

நிறையப் பெட்டி, குறைந்த நேரம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீலே கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டி நிற்கிற குடுமி, நிலையிலுள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். அதையே படுக்கைவாக்கில் போட்டால் பெட்டிக்கு ஆகிவிடும். இரண்டு பக்கப் பலகையும் மூடியின் கனத்துக்கு உயர்ந்து நிற்க வேண்டும், முன்பலகையும் பின்பலகையும் அதே அளவு தாழ்ந்திருக்க வேண்டும். மூடி பக்கப் பலகைகளுக்கு நடுவே, முன்னும் பின்னும் உள்ள பலகைகளின் மேல் உட்காரும். இரண்டு ஓரத்திலும் பத்திரிகை அட்டை செருகி மூடியை வைத்து, பக்கப் பலகை வழியாக மூடிக்குள் இருபது மில்லி ஆழத்துக்குத் துளை போட்டுப் பித்தளைக் கம்பி அல்லது மூங்கில் ஆணி இறக்குங்கள். துளையின் மையம் மூடியின் கனத்தில் பாதி, பின்விளிம்பிலிருந்தும் அதே தூரம். மூடியின் பின்விளிம்பில் கீழ்மூலையை உருட்டி, மேல்மூலையைச் சதுரமாக விட்டால், மூடி நிமிர்ந்ததும் அந்த மூலை பின்பலகையில் தட்டும், பின்னால் மல்லாந்து விழாது. மூடியின் ரேகை பக்கவாட்டில் ஓடுவதால் அந்தத் திசையில் அது நீளாது, மழையிலும் பக்கப் பலகையைக் கவ்வாது. பல் வெட்டுகிற வேலையே இல்லை. முதல் முறையாகச் செய்கிற யாருக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஒடிந்த இரண்டு பெட்டியையும் எறிய வேண்டாம், அவற்றை இந்தக் குடுமிப் பெட்டியாக மாற்றிவிடலாம். பின்பலகையில் மிஞ்சிய பற்களை அடியோடு அறுத்து, பக்கப் பலகைகளைவிட மூடியின் கனத்துக்குத் தாழும்படி இழையுங்கள். முன்பலகையையும் அந்த அளவுக்கு இறக்குங்கள். மூடியிலும் பல்லை அறுத்தால் பல்லின் நீளத்துக்கு அகலம் குறையும். அங்கே பூவரசு மரத் துண்டு ஒன்றை மூடியின் ரேகைத் திசையிலேயே ஒட்டுங்கள். ரேகையோடு ரேகை சேர்வதால் பசை நன்றாகப் பிடிக்கும். குடுமி விழுகிற இடமும் பூவரசாகவே அமைந்துவிடும். மூடியின் நீளத்தைப் பக்கப் பலகைகளுக்கு நடுவே நுழையும்படி குறைப்பதை மட்டும், துண்டு ஒட்டிக் காய்ந்த பிறகு செய்யுங்கள்.