அபூர்வ நிறத்தில் இருக்கும் மண்ணுளிப் பாம்பை வீட்டில் வளர்க்கலாமா? யாருக்காவது அனுபவம் உண்டா?

எனக்கு உண்டு. நான் இருப்பது இங்கிலாந்தில். ஆறு வருடமாக என் வீட்டில் ஒரு கென்ய மண்ணுளிப் பாம்பு வளர்கிறாள். இந்த இனம் கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட மண்ணுக்குரியது, விஷமில்லாதது. இயல்பான நிறம் ஆரஞ்சு, அதன்மேல் கரும்பழுப்புத் திட்டுகள். என்னுடையது 'அனெரி', அதாவது உடம்பில் சிவப்பு நிறமி உருவாகாத வகை. கோலமாவில் கரித்துண்டுகள் உதிர்ந்து கிடப்பது போலிருப்பாள்.

நம் ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் காட்டுமேட்டில் இருக்கும் மண்ணுளிப் பாம்பான இருதலை மணியனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதிர்ஷ்டம், மருந்து என்று லட்சக்கணக்கில் விலை பேசுவதெல்லாம் வெறும் ஏமாற்று. அந்தப் பொய்யால் எத்தனை பாம்புகள் சாக்குப்பையில் மூச்சுமுட்டிச் சாகின்றன என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. கென்ய இனம் போன்ற வெளிநாட்டுப் பாம்புகளையும், 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்துதான் வைத்திருக்க முடியும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். அனெரி, அல்பினோ (கறுப்பு நிறமி உருவாகாத வகை) இரண்டும் தனித்தனி ஒடுங்கு மரபணுக்கள், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் அந்த நிறம் வெளியே தெரியும். இரண்டையும் மறைவாகச் சுமக்கும் ஜோடி குட்டி போட்டால், இரண்டும் சேர்ந்த 'ஸ்னோ' 16-க்கு 1 என்ற கணக்கில்தான் பிறக்கும். அதனால்தான் ஸ்னோவுக்கு விலை அதிகம். ஆனால் நிறத்துக்காக மட்டும் வாங்காதீர்கள், ஏனென்றால் அது கண்ணில் படாது. பகலெல்லாம் மண்ணுக்குள்ளேயே கிடப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பாம்பு எங்கே?" என்பார்கள். உற்றுப் பார்த்தால் மணலில் இரண்டு கடுகு தெரியும். அவைதான் கண்கள்.

மண்ணுக்குள் வாழும் உயிர் என்பதை நான் சரியாகப் புரிந்துகொள்ளாததால் அவளுக்கு ஒரு காயம் பட்டது. பெட்டிக்கு அடியில் ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பை வைத்து, அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை மணலின் மேல் போட்டிருந்தேன். மேலே 33 டிகிரி காட்டியது. அவள் படுத்ததோ அடிக் கண்ணாடியில், அங்கே 45. ஒருநாள் கையில் எடுத்தபோது வெள்ளை வயிற்றுச் செதில்கள் இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சிவந்திருந்தன. மருத்துவர் கொடுத்த களிம்பைத் தடவி, இரண்டு முறை சட்டை உரித்த பிறகுதான் ஆறியது. எனவே உணர்முனையை மணலுக்கு அடியில், கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். பெட்டியின் ஒரு பக்கம் 32, 33 டிகிரி இருக்கட்டும், இன்னொரு பக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும். மணல் ஒரு சாண் ஆழம் வேண்டாம், நாலு விரல் ஆழம் போதும்.

சாப்பாடு, ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளஞ்சூடாக்கிய எலி, பத்து நாளுக்கு ஒன்று. நீளமான இடுக்கியில் பிடித்து நீட்டுங்கள். மணல் அசையாது. சட்டென்று தலை பக்கவாட்டில் பாய்ந்து கவ்வும். விரலை நீட்டியிருந்தால் விரலையும்தான். கடித்தால் ரத்தம் கசியும், அவ்வளவுதான்.

சட்டை உரித்த இரவில் மட்டும் முழுதாக வெளியே வந்து, தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக் கிடப்பாள். புதுத்தோலில் அந்தக் கறுப்பு நனைந்த கரி மாதிரி மினுங்கும். பெரிய விளக்கைப் போட்டால் உடனே உள்ளே போய்விடுவாள். அதனால் நடைவழி வெளிச்சத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன்.